குத்தகை, போகம், வேலைநாள்: பாராளுமன்றம் எப்போது முடிகிறது?

2021 டிசெம்பர் 13, திங்கட்கிழமை காலை. பரந்தன் சந்திக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடை. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. அந்தக் காலபோகம் முழுக்க அங்கே யூரியாவைப் பற்றித்தான் பேச்சு. உரம் கிடைக்காமல் பயிர் மஞ்சளித்து நிற்பதைத் தினமும் பார்த்தவர்களுக்கு வேறு என்ன பேச்சு வரும்? அன்று மட்டும் பேச்சு மாறியிருந்தது.

“பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள், தம்பி. இரவோடு இரவாக வர்த்தமானி வந்துவிட்டது. மாசியில் தேர்தல்” என்றார் ஓர் ஐயா. அவர் நீட்டிய கைபேசியில் இருந்ததோ ‘ஒத்திவைப்பு’ என்ற சொல். எதிரே இருந்தவருக்கு அது ஒத்துவரவில்லை. ஒத்திவைப்பு என்றால் உறுப்பினர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பிப் போவது, அதற்கு எதற்கு ஜனாதிபதியின் வர்த்தமானி என்று கேட்டார்.

இருவர் சொன்னதும் பிழை. ஆனால் குற்றம் அவர்களுடையது அல்ல. வெவ்வேறான இரண்டு நிகழ்வுகளுக்கு நம் செய்தித்தாள்கள் ‘ஒத்திவைப்பு’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகின்றன. ‘அமர்வு’ என்ற சொல்லும் அப்படித்தான், ஒரு நாள் கூட்டத்துக்கும் அதுதான், ஓராண்டு நீளும் கூட்டத்தொடருக்கும் அதுதான். போதாக்குறைக்கு நம் வீடுகளில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிச் செய்தி ஓடுகிறது. மழைக்காலக் கூட்டத்தொடர், குளிர்காலக் கூட்டத்தொடர் என்று அங்கே கேட்பதை இங்கேயும் பொருத்திப் பார்க்கிறோம். டெல்லியின் வழக்கம் வேறு, இலங்கைப் பாராளுமன்றம் இருக்கும் கோட்டையின் வழக்கம் வேறு.

(பாராளுமன்றம், நாடாளுமன்றம் என்று இரண்டு பெயர்களும் புழக்கத்தில் உண்டு. பொருள் ஒன்றே. நான் வர்த்தமானியில், அதாவது அரச அறிவித்தல் இதழில், வரும் பெயரையே எழுதுகிறேன்.)

முதலில் வயலுக்குப் போவோம்

ஒருவர் இரணைமடுக் குளத்தின் கீழே ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு வயல் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குத்தகை ஐந்து ஆண்டு. அந்த ஐந்து ஆண்டுக்குள் அவர் பல போகங்கள் விதைப்பார். ஒவ்வொரு போகத்துக்குள்ளும் பல நாட்கள் வயலில் இறங்குவார்.

பொழுதுபட்டதும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். போகம் முடிந்துவிட்டதா? இல்லை. அன்றைய வேலை முடிந்தது.

அறுவடை முடிந்து நெல்லை ஏற்றிவிட்டார். வயலில் மாடு மேய்கிறது. குத்தகை முடிந்துவிட்டதா? இல்லை. போகம் முடிந்தது. அடுத்த போகத்துக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்பதை அவர் ஒருவராகத் தீர்மானிக்க முடியாது. மாவட்டச் செயலகத்தில் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடி நாள் குறிக்க வேண்டும்.

குத்தகை உறுதியே முடிந்துபோனால்தான் அவர் அந்த வயலுக்கு அந்நியர். திரும்ப உள்ளே வர வேண்டுமானால் காணிக்காரரிடம் புதிதாகக் கேட்க வேண்டும்.

பாராளுமன்றத்திலும் இந்த மூன்று அடுக்குகள் உண்டு. குத்தகைதான் பதவிக்காலம். போகம்தான் கூட்டத்தொடர். வேலைநாள்தான் அமர்வு. பதவிக்காலம் இடையில் முடிக்கப்பட்டால் அது கலைப்பு. கூட்டத்தொடர் முடிக்கப்பட்டால் அதைக் கூட்டத்தொடர் முடிப்பு என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன், செய்தித்தாள் எப்படி எழுதினாலும். அமர்வு முடிந்து எழும்பிப் போவது மட்டுமே ஒத்திவைப்பு.

தேநீர்க்கடை ஐயா குத்தகை முடிந்தது என்றார். எதிரே இருந்தவர் வேலைநாள் முடிந்தது என்றார். 2021 டிசெம்பர் 12 நள்ளிரவில் உண்மையில் முடிந்தது ஒரு போகம்.

குத்தகை: ஐந்து ஆண்டு, அதற்கு மேல் இல்லை

225 உறுப்பினர்கள். அவர்களில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள், 29 பேர் தேசியப் பட்டியலில். வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனங்கள். இங்கே ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். நாம் வாயால் சொல்லும் வன்னியில் கிளிநொச்சியும் உண்டு. தேர்தல் ஆணைக்குழுவின் வன்னியில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றுமே உள்ளன. கிளிநொச்சிக்காரர் வாக்களிப்பது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு. மாங்குளத்துக்கு வடக்கே பஸ்ஸில் போகும்போது வன்னி முடிந்ததாக யாரும் நினைப்பதில்லை. வாக்குச்சீட்டில் மட்டும் முடிந்துவிடுகிறது.

1978 அரசியலமைப்பு முதலில் ஆறு ஆண்டுப் பதவிக்காலம் வைத்தது. 2015இல் வந்த 19ஆம் திருத்தம் அதை ஐந்தாகக் குறைத்தது. கணக்கு தேர்தல் நாளிலிருந்து தொடங்குவதில்லை, புதிய பாராளுமன்றத்தின் முதல் கூட்டத்துக்கு நியமித்த நாளிலிருந்து தொடங்குகிறது. இப்போதுள்ள பத்தாவது பாராளுமன்றத்துக்கான தேர்தல் 2024 நவம்பர் 14இல் நடந்தது, முதல் கூட்டம் நவம்பர் 21இல். ஆகவே 2029 நவம்பரில் ஐந்து ஆண்டு நிறையும். அப்படி நிறைந்தால் தனியாக யாரும் கலைக்கத் தேவையில்லை. காலம் முடிவதே கலைப்பாகிவிடும்.

அதற்கு முன் கலைக்க முடியுமா? முடியும், ஜனாதிபதியால். ஆனால் நினைத்த நேரத்தில் அல்ல. 19ஆம் திருத்தம் நான்கரை ஆண்டு செல்லும்வரை அவர் கையைக் கட்டிவைத்தது. 2020இல் வந்த 20ஆம் திருத்தம் அந்தக் கட்டை இரண்டரை ஆண்டாகத் தளர்த்தியது. 2022இல் வந்த 21ஆம் திருத்தமும் இரண்டரையை அப்படியே விட்டது. இப்போதைய சபையை 2027 மே மாதத்துக்கு முன் கலைக்க வேண்டுமானால் சபையே தீர்மானம் நிறைவேற்றிக் கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கை எவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பார்கள் என்பதற்கு எட்டாவது பாராளுமன்றம் சாட்சி. அது முதலில் கூடியது 2015 செப்டெம்பர் 1. நான்கரை ஆண்டு நிறைந்தது 2020 மார்ச் 1. கலைப்பு வர்த்தமானி வந்தது மார்ச் 2.

குத்தகையை நீட்டிய கதையும் நம் வரலாற்றில் உண்டு. 1977இல் தெரிவான பாராளுமன்றம் 1983இல் முடிந்திருக்க வேண்டும். 1982 டிசெம்பர் 22இல் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, அதே சபைக்கு மேலும் ஆறு ஆண்டு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு கறுப்பு ஜூலைக்குப் பின் ஓகஸ்டில் 6ஆம் திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று அது கேட்ட சத்தியப் பிரமாணத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கு தொகுதிகளையும் 1977இல் வென்றவர்கள் அவர்களே. இந்த மண்ணின் மக்கள் மறுபடி வாக்களித்து ஓர் உறுப்பினரை அனுப்பியது 1989 பெப்ரவரியில். குத்தகை எத்தனை ஆண்டு என்பது கொழும்பு வழக்கறிஞர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

*இதுவரை:* பதவிக்காலம் முதல் கூட்டத்திலிருந்து ஐந்து ஆண்டு. இடையில் கலைப்பவர் ஜனாதிபதி, இரண்டரை ஆண்டு செல்ல வேண்டும். கலைந்தால் உறுப்பினர்கள் எல்லோரும் முன்னாள் உறுப்பினர்கள், தேர்தல் வரும்.

போகம்: ஆண்டுக்கு ஒன்று என்று யார் சொன்னது?

இங்கேதான் கூடுதல் குழப்பம். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒன்பதாவது பாராளுமன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதற் கூட்டத்தொடர் 2020 ஓகஸ்ட் 20இல் தொடங்கி, நம் தேநீர்க்கடை ஐயா தேர்தல் அறிவித்த 2021 டிசெம்பரில் முடிந்தது. ஏறக்குறைய பதினாறு மாதம். இரண்டாவது 2022 ஜனவரி 18இல் தொடங்கியது, ஜூலை இறுதியில் முடிந்துவிட்டது. ஆறு மாதம்தான். அந்த ஆறு மாதத்துக்குள் நாட்டில் என்னென்ன நடந்தது என்பதை எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது 2022 ஓகஸ்ட் 3இல், நான்காவது 2023 பெப்ரவரி 8இல், ஐந்தாவது 2024 பெப்ரவரி 7இல். 2024 செப்டெம்பர் 24இல் கலைப்பு வந்தபோது அந்த ஐந்தாவதும் சேர்ந்து முடிந்தது.

ஒரே பாராளுமன்றம், ஒரே 225 ஆசனங்கள், ஐந்து கூட்டத்தொடர்கள். ஒன்று நீளம், ஒன்று கட்டை. டெல்லியில் ஆண்டுக்கு மூன்று என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இங்கே அப்படி ஒரு தாளம் இல்லை. காலபோகம், சிறுபோகம் என்று பருவம் பார்த்து வருவதும் இல்லை. மதகின் சாவி ஜனாதிபதியின் கையில் இருக்கிறது. அவர் பிரகடனம் வெளியிட்டுக் கூட்டத்தொடரை முடிப்பார்.

அந்தச் சாவிக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. முடிக்கும் பிரகடனத்திலேயே அடுத்த கூட்டத்தொடர் தொடங்கும் நாளையும் குறிப்பிட வேண்டும், அது இரண்டு மாதத்துக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது. 2021 டிசெம்பர் வர்த்தமானியிலும் ‘ஜனவரி 18’ என்று நாள் போட்டிருந்தது. அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் கலைப்பு என்ற பேச்சே வந்திராது. கலைப்புப் பிரகடனத்தில் இருப்பது தேர்தல் நாள். கூட்டத்தொடர் முடிப்பில் இருப்பது திரும்பக் கூடும் நாள். வர்த்தமானி கையில் கிடைத்தால் முதலில் எந்த நாள் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

சரி, போகம் முடிந்தால் என்ன குறைந்துபோகிறது? சட்டமூலங்கள் அழிவதில்லை. சபைக்கு முன் வந்து முடிவாகாமல் நிற்பவற்றை அடுத்த கூட்டத்தொடரில் தொடரலாம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. ஆனால் எடுத்துக்கொள்ளப்படாமல் கிடக்கும் கேள்விகளும் பிரேரணைகளும் காலாவதியாகும். ஓர் உறுப்பினர் உங்கள் ஊர்க் குளக்கட்டைப் பற்றிக் கேள்வி கொடுத்து, அது வரிசையில் காத்திருக்கும்போது கூட்டத்தொடர் முடிந்தால், அவர் மறுபடி அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுத்தாரா என்று கேட்க வேண்டியவர்கள் நாம். அரச நிறுவனங்களின் கணக்கைத் துருவும் கோப் போன்ற குழுக்களுக்கும் உறுப்பினர்களைப் புதிதாக நியமிக்க வேண்டும். குழுவின் பிடி இறுகும் நேரத்தில் கூட்டத்தொடர் முடிந்தால் எதிர்க்கட்சி ஏன் கத்துகிறது என்பது இப்போது விளங்கும்.

புதிய கூட்டத்தொடரின் தொடக்கத்தில் ஜனாதிபதி நேரில் வந்து அரசாங்கத்தின் கொள்கையை விளக்கி உரையாற்றுவார். அக்கிராசன உரை என்று பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான். தொலைக்காட்சியில் நடனக்காரர்களும் குதிரைப்படையும் தெரிந்தால் புதிய பாராளுமன்றம் என்று நினைத்துவிடாதீர்கள். புதிய போகமாகவும் இருக்கலாம்.

வேலைநாள்: எட்டு நாளும் இருபது பேரும்

இது எளிது, விரைவாகக் கடந்துவிடலாம். வழக்கமாக மாதத்தில் இரண்டு வாரம், செவ்வாய் முதல் வெள்ளி வரை, எட்டு நாட்கள் சபை அமரும். வரவு செலவுத் திட்ட விவாதக் காலத்தில் நாட்கள் அதிகரிக்கும். மாலையில் ‘சபை அடுத்த நாள் வரை ஒத்திவைக்கப்பட்டது’ என்று கேட்கிறதே, அது வெறும் ஒத்திவைப்பு. இதற்கு ஜனாதிபதியும் வேண்டாம், வர்த்தமானியும் வேண்டாம்.

கோரம், அதாவது கூட்டம் நடக்க ஆகக் குறைந்தது இருக்க வேண்டியவர்கள், 20 பேர். நம் ஊர்ச் சங்கங்களில் கோரம் காணாமல் கூட்டம் கலைவதைப் போல, 225 பேர் உள்ள சபையிலும் இருபது பேர் இல்லாமல் மணி அடித்துத் தேடிய நாட்கள் உண்டு. இன்னொரு விதி: சபையின் அனுமதி இல்லாமல் தொடர்ச்சியாக மூன்று மாதம் வராத உறுப்பினர் ஆசனத்தை இழப்பார்.

மூன்று சாவிகளும் ஒன்றாகச் சுழன்ற மாதம்

2018 ஒக்டோபர் 26 மாலை ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். அடுத்த நாளே கூட்டத்தொடரை நவம்பர் 16 வரை முடித்துவைத்தார். போகத்தை ஏன் நிறுத்த வேண்டும்? சபை கூடினால் யாருக்குப் பெரும்பான்மை என்று எண்ணிப் பார்த்துவிடுவார்கள். நடுவில் கிடைத்த நாட்களில் உறுப்பினர்களை இழுக்கும் பேரம் நடந்தது. பிறகு கூடும் நாள் நவம்பர் 14 என்று முன்னுக்கு வந்தது. எண்ணிக்கை தேறவில்லை. நவம்பர் 9 இரவு பாராளுமன்றத்தையே கலைத்தார்.

அப்போது சட்டத்தில் இருந்தது நான்கரை ஆண்டுக் கட்டு. சபை கூடி மூன்று ஆண்டும் இரண்டு மாதமும்தான் ஆகியிருந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. (இலங்கையில் ஆக உச்ச நீதிமன்றத்தின் பெயர்தான் உயர் நீதிமன்றம். தமிழ்நாட்டுச் செய்தியோடு குழம்ப வேண்டாம்.) நவம்பர் 13இல் இடைக்காலத் தடை, அடுத்த நாள் சபை கூடியது. டிசெம்பர் 13இல் ஏழு நீதியரசர்கள் ஏகமனதாக, கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள்.

கவனியுங்கள். கூட்டத்தொடரை முடித்தது ஜனாதிபதிக்கு இருந்த அதிகாரம், அதன் நோக்கத்தை எவ்வளவு திட்டினாலும். கலைத்ததுதான் இல்லாத அதிகாரம். இரண்டையும் ஒரே சொல்லில் அழைத்தால் இந்த வழக்கே விளங்காது.

நாற்காலிகள்: எதற்கு வாக்கு, எதற்கு இல்லை

பிரதேச சபையில் தவிசாளரை உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்வதை நாம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். பாராளுமன்றத்தில் அதற்கு இணையான நாற்காலி சபாநாயகர், அதாவது கூட்டத்தை நடத்துபவர். அவருக்கு அடுத்தவர் பிரதிச் சபாநாயகர், மூன்றாமவர் குழுக்களின் பிரதித் தவிசாளர். மூவரையும் உறுப்பினர்களே தம்முள் தெரிவுசெய்கிறார்கள்.

முதல் நாள் காட்சி எனக்குப் பிடித்தமானது. சபாநாயகர் இன்னும் இல்லை, ஆகவே தலைமை வகிக்க உறுப்பினர் எவரும் இல்லை. செயலாளர் நாயகம் என்ற அதிகாரிதான் நடத்துகிறார். ஒருவர் பெயர் மட்டும் முன்மொழியப்பட்டால் வாக்கெடுப்பு இல்லை. இரண்டு பெயர் வந்தால் இரகசிய வாக்கெடுப்பு. சபாநாயகர் சத்தியம் செய்து அமர்ந்த பிறகுதான் மற்ற உறுப்பினர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

இந்தத் தெரிவு ஆண்டுதோறும் நடப்பதில்லை. கூட்டத்தொடர் மாறினாலும் சபாநாயகர் மாறமாட்டார். குத்தகை முடியும்வரை அவர் இருப்பார், இடையில் தாமே விலகினாலொழிய. 2024 நவம்பர் 21இல் சபாநாயகரான அசோக ரன்வல, தம் கலாநிதிப் பட்டம் பற்றிய சர்ச்சையில் டிசெம்பர் 13இல் விலகினார். டிசெம்பர் 17இல் ஜகத் விக்கிரமரத்ன தெரிவானார். போட்டி வந்த காட்சிக்கு 2022 மே 5: பிரதிச் சபாநாயகருக்கான இரகசிய வாக்கெடுப்பில் ரஞ்சித் சியம்பலாபிட்டியவுக்கு 148, இம்தியாஸ் பாக்கீர் மாக்காருக்கு 65.

மூன்றாவது நாற்காலியில் நம் பக்கத்தவரும் இருந்திருக்கிறார். வன்னி மாவட்ட உறுப்பினர் செல்வம் அடைக்கலநாதன் 2015இல் குழுக்களின் பிரதித் தவிசாளராகத் தெரிவானார். அதற்கடுத்த சபையில் அதே இடத்தில் யாழ்ப்பாணத்தின் அங்கஜன் இராமநாதன்.

சரி, பிரதமர்? சபை வாக்களித்துத் தெரிவுசெய்வதில்லை. சபையின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று தாம் கருதும் உறுப்பினரை ஜனாதிபதி நியமிக்கிறார். சபையால் அவரை வீழ்த்த முடியும், அமர்த்த முடியாது. எதிர்க்கட்சித் தலைவரும் வாக்கில் வருவதில்லை, சபாநாயகர் ஏற்று அறிவிக்கிறார். 1977இல் அமிர்தலிங்கமும் 2015இல் சம்பந்தனும் அந்த ஆசனத்தில் அமர்ந்தது அப்படித்தான். அவர்கள் கட்சிக்கு நாடு முழுவதும் பெரும் வாக்கு விழுந்ததால் அல்ல.

விசித்திரமானது ஜனாதிபதியின் விடயம். வழக்கமாக அவரைத் தெரிவுசெய்வது நாம். பதவி இடையில் வெறுமையானால் மட்டும் எஞ்சிய காலத்துக்குச் சபை தெரிவுசெய்யும். 2022 ஜூலை 20இல் அது நடந்தது: ரணில் விக்கிரமசிங்க 134, டளஸ் அழகப்பெரும 82, அநுரகுமார திசாநாயக்க 3. மூன்று வாக்குப் பெற்றவர் இரண்டு ஆண்டு கழித்து மக்கள் வாக்கில் வென்றார். அதே நாற்காலி, வாக்காளர்தான் வேறு.

*இதுவரை:* சபாநாயகரும் அவருக்கு அடுத்த இருவரும் சபையின் வாக்கில், குத்தகைக் காலம் முழுவதற்கும். பிரதமர் நியமனத்தில். எதிர்க்கட்சித் தலைவர் அங்கீகாரத்தில்.

ஐயா கேட்ட கேள்வி

இதையெல்லாம் அன்று தேநீர்க்கடையில் இவ்வளவு ஒழுங்காக நான் சொல்லவில்லை. பாதி சொன்னேன், வயல் உவமையோடு. ஐயா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, ஐந்து ஆண்டுக் குத்தகை முடிந்தால் தேர்தல் வரத்தானே வேண்டும், அப்படியானால் எங்கள் வட மாகாண சபைக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

உவமை அந்த இடத்தில் நொண்டியது. வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21இல். ஐந்து ஆண்டு 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதிகாரம் ஆளுநரிடம் போனது. 2017இல் மாகாணத் தேர்தல் முறையை மாற்றிப் பாராளுமன்றம் சட்டம் செய்தது. அந்த முறைக்குத் தேவையான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் அதே பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. பாராளுமன்றம் கலைந்தால் மூன்று மாதத்துக்குள் புதிய சபை கூட வேண்டும் என்று அரசியலமைப்பே எழுதிவைத்திருக்கிறது. மாகாண சபைக்கு அப்படிப் பிடித்திழுக்கும் கயிறு இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டியதும் கோட்டையில் இருக்கும் அந்த 225 பேர்தான்.

ஐயா கிளாசை மேசையில் வைத்தார். “அப்போது தை பதினெட்டில் திரும்பக் கூடுகிறார்கள் என்றாயே, அன்றைக்கு இதைக் கேட்பார்களா?” என்றார்.

கேள்வி கொடுத்திருந்தாலும் அது நேற்று நள்ளிரவோடு காலாவதி, மறுபடி கொடுக்க வேண்டும் என்றேன்.